ரோம்: இரவு பத்து மணிக்கு மேல் இறங்குகிறோம், மூன்று பேர். ஊருக்குள் போக எது நல்ல வழி?

கொடிவேரி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் ரோமுக்குப் போகிறோம். சென்னையிலிருந்து தோஹா போய் மாறி, ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இரவு 10:10-க்கு இறங்குகிறோம். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. ஊருக்குள் எப்படிப் போவது, எங்கே தங்குவது என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூவர் அறை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பழைய கட்டடம், நான்காவது மாடி. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், படிதான் ஆகாது. சுத்த சைவம் வேறு. டாக்சிக்குக் காசைக் கொட்ட மனம் வரவில்லை. அதற்காக நடு இரவில் அம்மாவைத் தெருவில் நிறுத்தவும் முடியாது. போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நடைவண்டி:

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்.

லியோனார்டோ எக்ஸ்பிரஸ் நேராக டெர்மினிக்குப் போகிறது. நடுவில் எங்கும் நிற்காது, 32 நிமிடம். ஆளுக்கு 14 யூரோ, மூன்று பேருக்கு 42. அதே நிலையத்திலிருந்து எஃப்எல்1 என்று ஒரு சாதாரண ரயில் கிளம்பும், ஆளுக்கு 8 யூரோ. ஆனால் அது டெர்மினிக்குப் போகாது. திரஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, துஸ்கொலானா என்று சுற்றித் திபுர்த்தினா போகும். ஓஸ்தியென்சேயில் இறங்கிப் பக்கத்திலுள்ள பிரமிதே மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, பி வழித்தடத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் டெர்மினி. மெட்ரோவுக்குத் தனியாக 1.50 யூரோ. மூவருக்கும் சேர்த்து 28.50 ஆகிறது. தனியார் பஸ்கள் ஆளுக்கு 7 யூரோவை ஒட்டி வாங்குகிறார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

டாக்சிக்கு மாநகராட்சி வைத்த ஒரே கட்டணம். ஆரேலியன் மதிலுக்கு உள்ளே எங்கே போனாலும் 55 யூரோ, நான்கு பேர் வரை, பெட்டிகளும் சேர்த்து. 2024-க்கு முன்னால் 50 இருந்தது. பழைய பதிவைப் படித்துவிட்டு ஓட்டுநரிடம் வாதாட வேண்டாம். மதில் என்பது 3-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஆரேலியன் கட்டத் தொடங்கியது, சுமார் 19 கிலோமீட்டர். டெர்மினி அதற்கு உள்ளேதான் இருக்கிறது. அதனால் உங்கள் விடுதிக்கும் இந்தக் கட்டணமே.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 10:10-க்குச் சக்கரம் தரையைத் தொடும். குடியேற்ற வரிசைக்கு வரவே அரை மணி ஆகலாம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையில் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. ஐரோப்பியர் அல்லாதவர்களை முகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இது கூடுதல் நேரம். அப்புறம் பெட்டி வர வேண்டும். லியோனார்டோ இரவு பதினொன்றரையை ஒட்டி நின்றுவிடும். ரயிலை நம்பி அம்மாவை ஓட வைக்காதீர்கள். மூன்று பேராகப் பிரித்தால் டாக்சி ஆளுக்கு 18 யூரோ சொச்சம். வாசலில் கொண்டு போய் இறக்குவார். என் ஓட்டு டாக்சிக்கு.

மிச்சக்கணக்கு:

நடைவண்டி அண்ணன் சொன்ன கணக்கில் தவறில்லை, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 55 யூரோ என்றால் நம் காசில் ஐயாயிரத்துக்கு மேல். ரோமில் துண்டு பீட்சாவும் பழமும் வாங்கிச் சாப்பிட்டால் மூன்று பேருக்கு ஒரு நாள் சாப்பாடு அதில் முடிந்துவிடும். ரயில் நின்ற பிறகும் பஸ் ஓடுகிறது. கோத்ரால் என்ற வட்டார அரசு பஸ் இரவிலும் விமான நிலையத்திலிருந்து டெர்மினி வழியாகத் திபுர்த்தினா போகிறது. சென்னையில் நள்ளிரவு பஸ்ஸில் கோபி போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமா? ஐரோப்பா என்றதும் எல்லோரும் டாக்சி டாக்சி என்று பயமுறுத்துவதால்தான் நம் ஆட்கள் போகவே தயங்குகிறார்கள்.

நடைவண்டி:

பஸ் இருக்கிறது, மறுக்கவில்லை. இரவில் அதன் இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். டெர்மினியில் இறங்கியதும் விடுதிக்கு நடக்க வேண்டும். அந்த நடைதான் எனக்கு உறுத்துகிறது. ரோமின் தெருக்களில் சம்பியெத்ரீனி என்று கருங்கல் பாவியிருப்பார்கள். கைப்பிடி அளவுக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு மட்டத்தில், இடுக்கெல்லாம் பள்ளம். பெட்டியின் சின்னச் சக்கரம் அந்த இடுக்கில் சிக்கிச் சிக்கி நிற்கும். பகலில் இழுத்துவிடலாம். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மேப் பார்க்கும் போன், பக்கத்தில் முழங்கால் வலியோடு அம்மா என்றால் வேறு கதை.

நீங்களோ நானோ தனியாகப் போனால் பஸ்தான் எடுப்போம், அதில் சந்தேகமே இல்லை.

தெல்லிப்பளை அக்கா:

தம்பி கொடிவேரி, நான் பலெர்மோவில் இருக்கிறேன். சிசிலியில் எங்கட சனம் நிறைய இருக்கு. கடவுச்சீட்டு, தூதரக அலுவல் எண்டால் எல்லாருக்கும் ரோமுக்குத்தான் போக வேணும். அதனால் டெர்மினி சுற்றுவட்டாரம் எனக்கு வடிவாகத் தெரியும்.

டாக்சியா பஸ்ஸா எண்டு பிறகு பாருங்கோ. முதல் அந்த நான்காம் மாடி. லிஃப்ட் இருக்கோ எண்டு விடுதிக்காரரிடம் எழுதிக் கேட்டீங்களோ? டெர்மினிப் பக்கம் மலிவு அறைகள் பெரும்பாலும் பழைய குடியிருப்புக் கட்டடங்களின் ஒரு மாடியில்தான் இருக்கும். கீழே கதவில் பத்துப் பதினைந்து மணிப் பொத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எந்தப் பொத்தானை அமத்துறது எண்டு முன்னமே கேட்டு வைக்க வேணும். லிஃப்ட் இருந்தாலும் சில இடத்தில் கம்பிக் கூண்டு மாதிரி ஒடுக்கமான ஒன்று, இரண்டு பேர் ஏறினால் பெட்டிக்கு இடமில்லை. அம்மாவைப் பெட்டியோட முதல் அனுப்பிப்போட்டு நீங்கள் படியால் ஏறுங்கோ.

இரண்டாவது, அங்க இரவு முழுக்க ஆள் இருப்பினமோ? சின்ன விடுதிகளில் ஒன்பது பத்து மணிக்குப் பிறகு வந்தால் தனிக் காசு கேட்பினம், சில இடத்தில் ஆளே இருக்க மாட்டினம். நீங்கள் போய்ச் சேர நடுச்சாமம். இதைக் கேட்காமல் காசு கட்டாதேங்கோ.

டெர்மினிக்கு இரண்டு பக்கம் இருக்கு. வியா மர்சாலா ஒரு பக்கம், வியா ஜொலித்தி மற்றப் பக்கம். இரவில் ஜொலித்திப் பக்கத்தில் வெளியில் படுத்திருக்கிற ஆட்கள், குடிகாரர் கொஞ்சம் கூட. அவையள் பாவங்கள், ஒன்றும் செய்யிறதில்லை, ஆனால் புதுசாய் வாற ஆளுக்குப் பயமாய் இருக்கும். அறையின் விலாசம் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ.

கொடிவேரி:

அக்கா, நிறைய நன்றி. இப்போதே எழுதிக் கேட்டேன். லிஃப்ட் இல்லையாம். இரவு 9 மணிக்கு மேல் வந்தால் 30 யூரோ கூடுதல் என்று பதில் வந்திருக்கிறது. பதிவுத் தளத்தில் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள்.

மிச்சக்கணக்கு:

அப்படியானால் அந்த அறையை விட்டுவிடுங்கள். 30 யூரோ சேர்த்தால் அது மலிவே இல்லை. இரவெல்லாம் வரவேற்பு மேசை திறந்திருக்கும் ஹாஸ்டல்கள் அதே பகுதியில் இருக்கின்றன. மூன்று பேர் என்றால் தனி அறையே கொடுப்பார்கள். எல்லா ஹாஸ்டலும் பங்க் கட்டில் கூடம் இல்லை. சிலவற்றில் சமையலறையும் உண்டு. சைவக்காரர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரோமில் தங்குவதற்கு நகர வரி தனி. ஆளுக்கு, இரவுக்கு என்று பத்து இரவுகள் வரை வாங்குவார்கள். விடுதியின் தரத்தைப் பொறுத்து மாறும். மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் 6 யூரோ. இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது, போனதும் கையில் கேட்பார்கள். மூன்று பேர், ஐந்து இரவு என்றால் 90 யூரோ தனியாக எடுத்து வைக்க வேண்டும். டாக்சிக் காசைப் பற்றி நாம் போட்ட சண்டையெல்லாம் இதற்கு முன்னால் சின்னது.

வேப்பங்காற்று:

அறையை மாற்றப் போகிறீர்கள் என்பதால் ஒரு யோசனை. டெர்மினிதான் வேண்டும் என்று யார் சொன்னது? பிரமிதே, ஓஸ்தியென்சே பக்கம் பாருங்கள். எஃப்எல்1 நேராக வரும், மெட்ரோவும் கையருகே. கொலோசியம் இரண்டே நிறுத்தம். பக்கத்திலேயே தெஸ்தாச்சோ சந்தை, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் பகுதி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் செஸ்தியஸ் என்ற ரோமானியருக்கு கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டிய பிரமிடு கண்ணுக்கு நேரே நிற்கும். ரோமில் ஒரு எகிப்து.

நடைவண்டி:

பகலில் வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை, வேப்பங்காற்று. ஆனால் எஃப்எல்1-உம் அந்த இரவு நேரத்தில் ஓய்ந்துவிடும். அதோடு அங்கே அறை எடுத்தால் விலாசம் மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். பிரமிடே மதிலோடு ஒட்டியதுதான். தெஸ்தாச்சோ உள்ளே, ஓஸ்தியென்சே வெளியே. வெளியே என்றால் அந்த 55 யூரோக் கட்டணம் செல்லாது.

என் கருத்தை ஒரே அடியாகச் சொல்லிவிடுகிறேன். வந்து இறங்கும் இரவில் தாராளமாகச் செலவழியுங்கள், மற்ற நாட்களில் இறுக்கிப் பிடியுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஊர் தெரியாது, உடம்பு அசந்திருக்கும், ஏமாற்றுகிறவனுக்கும் அது தெரியும். இரண்டாம் நாள் காலை இதே நீங்கள் பஸ் எண் பார்த்து ஏறுவீர்கள். திரும்பிப் போகும்போது எஃப்எல்1-இல் ஆளுக்கு 8 யூரோ கொடுத்துப் போய்க்கொள்ளுங்கள். அங்கே மிச்சம் வந்துவிடும்.

டாக்சி எடுப்பதானால்: வெளியே வரும் இடத்தில் உள்ளேயே நின்றுகொண்டு "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்ப வேண்டாம். கட்டடத்துக்கு வெளியே டாக்சி வரிசை இருக்கிறது. வெள்ளை வண்டி, கூரையில் பலகை, கதவில் ரோம் மாநகராட்சிச் சின்னமும் உரிம எண்ணும், உள்ளே மீட்டர். ஏறும் முன்னால் விலாசத்தைக் காட்டி "55?" என்று கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள். வேறு தொகை சொன்னால் அடுத்த வண்டி.

நாணயம்:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

ஏடிஎம்மில் எடுக்கும்போதும், கடையில் கார்டு தேய்க்கும்போதும் திரையில் ஒரு கேள்வி வரும்: ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா? எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான் விகிதம், அதில் அவருடைய லாபமும் சேர்ந்திருக்கும். சுற்றுலா இடங்களில் கடைக் கதவோரம் தனியாக நிற்கும் ஏடிஎம்களைத் தவிர்த்து, வங்கிச் சுவரில் உள்ளதில் எடுங்கள்.

மெட்ரோ வாயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தட்டியே போகலாம். ஆனால் ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். மூன்று பேரும் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஒரே ஃபாரெக்ஸ் கார்டில் போக முடியாது. மற்ற இருவருக்கும் காகித டிக்கெட் வாங்குங்கள். வெளியே 'டி' என்ற பெரிய எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் கிடைக்கும். 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பஸ்ஸும் டிராமும் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ ஒருமுறைதான். பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் குத்தாமல் உட்கார்ந்திருந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார், தெரியாது என்ற பேச்செல்லாம் எடுபடாது. எஃப்எல்1-க்குக் காகித டிக்கெட் வாங்கினாலும் நடைமேடைக்கு முன்னால் உள்ள இயந்திரத்தில் குத்திவிட்டு ஏறுங்கள்.

டெர்மினியில் டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் ஒருவர் "உதவட்டுமா" என்று வருவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நீங்களே அழுத்துங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் வரும். டெர்மினியிலிருந்து வாத்திக்கன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் பணப்பை அடிப்பவர்களுக்குப் பேர்போனது. வாத்திக்கனுக்கு மெட்ரோ ஏ தடத்தில் ஒத்தவியானோ போய் நடப்பது நிம்மதி. அங்கேயும் பையில் ஒரு கை இருக்கட்டும்.

தெல்லிப்பளை அக்கா:

அம்மாவின் சாப்பாட்டுக்கு வாறேன். இத்தாலியில் சைவம் லேசு எண்டு எல்லாரும் சொல்லுவினம், அதில் பாதிதான் உண்மை. சுப்ளீ எண்டு சோற்று உருண்டை பொரிச்சு விப்பினம், பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், உள்ள இறைச்சிக் குழம்பு. காய்கறி சூப்பிலும் பன்றிக் கொழுப்புப் போட்டுத் தாளிப்பினம். பெக்கொரீனோ, பார்மிஜானோ சீஸ் இரண்டும் கன்றுக்குட்டி, செம்மறிக் குட்டியின் வயிற்றில் எடுக்கிற உறையால் செய்யிறது. அம்மா அவ்வளவு கண்டிப்பு எண்டால் அதையும் தவிர்க்க வேணும். பயமில்லாமல் சாப்பிடக் கூடியது மரினாரா பீட்சா. தக்காளி, உள்ளி, ஒறிகானோ, எண்ணெய். சீஸே இல்லை, விலையும் குறைவு. துண்டு பீட்சாக் கடையில் எவ்வளவு வேணும் எண்டு கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, நிறுத்துத் தருவினம்.

சோறு இல்லாமல் ஏலாது எண்டால் பியாத்சா வித்தோரியோவுக்குப் போங்கோ. டெர்மினியில் இருந்து மெட்ரோ ஏ தடத்தில் அடுத்த நிறுத்தம், நடந்தும் போகலாம். பக்கத்தில் எஸ்குவிலீனோ சந்தை. வங்காளதேசத்துச் சனம் கடை போட்டிருக்கு. வெண்டிக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பருப்பு, நெல்லரிசி எல்லாம் கிடைக்கும். காலையிலேயே போயிடுங்கோ. சமையலறை உள்ள ஹாஸ்டல் எண்டால் ஒரு ரசம் வச்சுக் குடுங்கோ அம்மாவுக்கு. பயணத்தில் வயிறு சரியாய் இருந்தால் காலும் நடக்கும்.

வேப்பங்காற்று:

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவெங்கும் நசோனே என்ற இரும்புக் குழாய்கள், இடுப்பளவு உயரம், வளைந்த மூக்கு, இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். 1870-களில் வைக்கத் தொடங்கியவை, ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. குடிதண்ணீர்தான், சில்லென்று இருக்கும். அந்த மூக்கின் மேல்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. கீழே ஒழுகும் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் துளை வழியாக மேலே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லது.

காசில்லாமல் பார்க்கவும் நிறைய இருக்கிறது. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி தேவாலயம். இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு ஓவியங்கள் மூன்று. உள்ளே போனால் இருட்டாக இருக்கும். ஓரத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணைந்துவிடும். அந்த மஞ்சள் ஒளி முகங்களின் மேல் விழும்போது கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிடும். அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுத்தாலும் இப்படிப் பார்க்கக் கிடைக்காது. சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை, அதுவும் இலவசம். இந்த ஆலயங்கள் மதியம் மூடுவார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் போதும், அம்மா புடவையில் வந்தால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

மிச்சக்கணக்கு:

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கொலோசியமும் சேர்த்து. கடைசி ஞாயிறு வாத்திக்கன் அருங்காட்சியகம் மதியம் வரை இலவசம். உங்கள் தேதிக்கு இரண்டில் ஒன்று சிக்கலாம்.

நடைவண்டி:

அம்மாவோடு போகும்போது அந்த ஞாயிறுகள் வேண்டாம், மிச்சக்கணக்கு. வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். கொலோசியத்துக்கு 18 யூரோ டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே போட வேண்டும், வாசலில் ஒப்பிடுவார்கள். உள்ளே லிஃப்ட் உண்டு.

மிச்சக்கணக்கு:

சரி, அம்மாவுக்காக இதை ஒப்புக்கொள்கிறேன். டாக்சியையும்தான்.

கொடிவேரி:

எல்லோருக்கும் நன்றி. முடிவு இதுதான். அந்த நான்காம் மாடி அறையை விட்டாயிற்று. வியா மர்சாலா பக்கம் ஒரு ஹாஸ்டலில் மூவர் தனி அறை, லிஃப்ட், இரவு முழுக்க வரவேற்பில் ஆள், சமையலறை. விலை கொஞ்சம் கூடத்தான், 30 யூரோ அபராதத்தைக் கழித்தால் பெரிய வித்தியாசமில்லை. முதல் இரவு டாக்சி. திரும்பும்போது விமானம் மாலை என்பதால் எஃப்எல்1. அம்மாவிடம் ரசப்பொடி கட்டச் சொல்லிவிட்டேன். எல்லையில் ஏதாவது காகிதம் கேட்பார்களா?

நாணயம்:

திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, விசாவுக்குக் கொடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போன நேரத்தில் தவிக்க வேண்டும். கேட்காமலும் விடலாம். மூன்று பேரும் ஒரே கவுண்டருக்குச் சேர்ந்தே போங்கள், அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

மலைக்கோட்டை:

நடுவில் புகுந்து என் கேள்வியைக் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பார்சிலோனாவிலிருந்து ரயன்ஏர் என்ற மலிவு விமானத்தில் ரோமின் இன்னொரு விமான நிலையமான சியம்பினோவுக்கு வருகிறேன், தனியாக, பகல் 11 மணிக்கு. எனக்கும் டாக்சிதானா?

மிச்சக்கணக்கு:

உங்களுக்கு வேண்டாம். அங்கே ரயில் நிலையம் விமான நிலையத்துக்குள் இல்லை, பக்கத்து ஊரில் இருக்கிறது. விமான நிலைய வாசலிலிருந்து சியம்பினோ நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து டெர்மினிக்கு ரயில். இரண்டும் சேர்த்து ஒரே டிக்கெட் 2.70 யூரோ. நேர் பஸ்ஸும் இருக்கிறது, விலை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பார்சிலோனாவில் கிளம்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பெட்டி போடாவிட்டாலும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் ரயன்ஏர் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வரிசை நீளமாக இருக்கும், அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள்.